பெயர் சூட்டியவரே தந்தை

புனித யோசேப்பு பெருவிழா மறையுரை
வாசகங்கள்: 2 சாமுவேல் 7:4-5, 12-14, 16, உரோமையர் 4:13, 16-18, 22, மத்தேயு 1:16, 18-21, 24



மத்தேயு தம் நற்செய்தியை ஒரு வம்சப் பட்டியலோடு தொடங்குகிறார். கேட்கும்போது பலருக்குக் கொட்டாவி வரும் பகுதி அது. ஆபிரகாமில் தொடங்கி, இன்னாருக்கு இன்னார் பிறந்தார் என்று மூன்று பதினான்கு தலைமுறைகள் ஓடுகின்றன. யோசேப்பிடம் வந்ததும் அந்த ஓட்டம் நின்றுவிடுகிறது. யோசேப்புக்கு இயேசு பிறந்தார் என்று மத்தேயு எழுதவில்லை. யோசேப்பு மரியாவின் கணவர், மரியாவிடம் பிறந்தவர் இயேசு என்று சொல்லிப் பட்டியலை முடித்துக்கொள்கிறார்.

அப்படியானால் அத்தனை பெயர்களையும் எதற்காக எழுதினார்? இன்றைய முதல் வாசகத்தில் நாத்தான் இறைவாக்கினர் தாவீதிடம் போகிறார். தாவீதின் வழிமரபில் ஒருவரை எழுப்புவதாகவும், அவருடைய அரசு என்றைக்கும் நிலைக்கும் என்றும் ஆண்டவர் தந்த வாக்கைச் சொல்கிறார். மத்தேயுவின் கணக்குப்படி, அந்த வாக்கு இயேசுவிடம் வந்து சேருகிற வழி யோசேப்பு. ஆனால் பிள்ளை அவர் இரத்தம் இல்லை. கனவில் வந்த வானதூதர், மரியாவை ஏற்றுக்கொள்ளும்படியும் பிள்ளைக்குப் பெயர் வைக்கும்படியும் அவரிடம் சொல்கிறார். யூதர்களிடையே ஒருவர் பிள்ளைக்குப் பெயர் வைத்தால், இவன் என் மகன் என்று ஊரறிய ஏற்றுக்கொள்கிறார் என்று பொருள். யோசேப்பு தூக்கம் கலைந்து எழுந்தார், சொன்னபடியே செய்தார். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் காத்திருந்த வாக்குறுதியைக் கடவுள் ஒரு தச்சரின் சட்டப்படியான ஏற்பின்மேல் நிறுத்தினார்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, நம் வீடுகளில் கிசுகிசுப்பாக மட்டும் பேசப்படுகிற ஒரு காரியத்தை இன்று வெளிப்படையாகப் பேசுவோம். பெற்ற தகப்பன் போய்விட்டார். வேறொருவர் வந்து அந்தப் பொறுப்பில் நிற்கிறார். பிள்ளை அவர் கையைப் பிடித்துத்தான் பள்ளிக்கூடம் போகிறது. காகிதத்தில் மட்டும் அவர் யாருமில்லை. காகிதத்தில் தகப்பனாக இருப்பவரோ எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. சில வீடுகளில் இப்படிப் போனவர் தாயாகவும் இருப்பார். போனவருடைய உரிமையைச் சட்டப்படி முடித்துவிட்டு, வளர்க்கிறவர் தத்தெடுத்துக்கொள்ளலாமா? கிறிஸ்தவர் செய்யத் தக்க காரியமா இது?

புதுநன்மை வகுப்பு தொடங்கும்போது விண்ணப்பத் தாள் கொடுப்போம். அப்படித் தாள் வாங்கிய பையன் ஒருவன் தன் பெயர், அம்மா பெயர், அன்பியத்தின் பெயர் எல்லாவற்றையும் மணிமணியாக எழுதினான். தந்தை பெயர் என்ற கட்டம் வந்ததும் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்தபோது கையை வைத்து மறைத்தான். பிறகு எழுந்து வாசலில் நின்ற அம்மாவிடம் ஓடினான். “எந்த அப்பா பேரும்மா எழுதணும்?” அவன் மெதுவாகத்தான் கேட்டான். ஆனாலும் வேப்பமரத்தடியில் பைக்கில் சாய்ந்து நின்றவருக்கு அது கேட்டிருக்க வேண்டும். செல்போனை எடுத்து ஏதோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

அவரிடம் பிறகு பேசினேன். “எதுக்கு சாமி பேப்பரெல்லாம்? புள்ளைய நான் பாத்துக்கிறேன்ல, அது போதாதா?” என்றார். நல்ல மனிதர். சொன்னதில் பாசம் இருந்தது. ஆனாலும் அது போதாது.

ஏன் போதாது? நம் கிறிஸ்தவர்களின் சொத்துரிமையை 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் தீர்மானிக்கிறது. மனைவிக்கு முந்தைய திருமணத்தில் பிறந்த பிள்ளையை ஒருவர் கண்ணுக்குள் வைத்து வளர்த்திருக்கலாம். உயில் எழுதாமல் அவர் இறந்தால், அந்தப் பிள்ளைக்கு அவர் சொத்தில் பங்கு வராது. அதைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. நாளைக்கே தாய் கண்ணை மூடிவிட்டால், இத்தனை ஆண்டு எட்டிப் பார்க்காத தகப்பன் வந்து என் பிள்ளையைக் கொடு என்று நிற்கலாம். அவர் வராவிட்டாலும் அவர் வீட்டார் வரலாம். அப்போது இயற்கைக் காப்பாளர் என்ற பலம், பெற்ற தகப்பன் பக்கம் இருக்கும். இரவெல்லாம் ஜுரத்துக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டவர் வழக்காடித்தான் தம் உறவை நிரூபிக்க வேண்டியிருக்கும். பாசம் உண்மையாக இருந்தால், நாம் இல்லாத நாளிலும் பிள்ளை பாதுகாப்பாக இருக்க வழி தேடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். நீண்ட காலம் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தத்தெடுக்க வழியே இருக்கவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் நமக்குப் பொருந்தாது. நமக்கு இருந்தது வெள்ளைக்காரர் காலத்து 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம். அதன்படி நீங்கள் ஒரு பிள்ளைக்குக் காப்பாளர் ஆகலாம், பெற்றோர் ஆக முடியாது. பிள்ளைக்கு வயது வந்ததும் சட்டத்தின் கண்ணில் அந்த உறவும் முடிந்துவிடும். 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் அதற்கு 2006இல் வந்த திருத்தமும்தான் எல்லா மதத்தாருக்கும் கதவைத் திறந்தன. 2014இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இப்போது நடைமுறையில் இருப்பவை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளும்.

இவற்றின்படி, பெற்ற தாயும் அவரை மணந்தவரும் சேர்ந்து, காரா என்று சொல்லப்படும் மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். பெற்றவர்களின் சம்மதமும் தத்தெடுப்பவரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். பிள்ளை யாரிடம் இருப்பது என்று வழக்கு நடந்தால், அது முடிந்த பிறகுதான் தத்துக்கான வேலை தொடங்கும். பிள்ளையின் வயதுக்கும் விவரத்துக்கும் ஏற்ப அதன் விருப்பத்தையும் கேட்டாக வேண்டும். 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. ஆணை வந்த நாள் முதல் பிள்ளை தத்தெடுத்தவரின் பிள்ளை, அவருக்கு முழு வாரிசு. போன தகப்பனோடு இருந்த சட்டக் கட்டு அன்றோடு அறுகிறது.

அறுகிறது என்ற இடத்தில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு மனிதர் சட்டத்தின் முன் தகப்பன் என்ற இடத்தையே இழக்கிறார். இது சின்னக் காரியமில்லை. அந்த உரிமை எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று தெரிந்தால்தான், எப்போது முடியலாம் என்பது விளங்கும். திருச்சபைச் சட்டத்தின் 1136ஆம் பிரிவு பெற்றோரைப் பற்றிப் பேசும்போது கடமையை முதலில் வைக்கிறது, உரிமையைப் பிறகு வைக்கிறது. பிள்ளையின் உடலையும் அறிவையும் ஒழுக்கத்தையும் விசுவாசத்தையும் வளர்க்கும் கனத்த பொறுப்பு பெற்றோருக்கு இருக்கிறது. அந்தப் பொறுப்பை வேறு யாரும் தட்டிப் பறிக்காமல் நிறைவேற்றத்தான் உரிமை. சுமையை வழியில் இறக்கி வைத்துவிட்டு ஓடிப்போனவர், உரிமையை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிய முடியாது.

நம் நாட்டு நீதிமன்றமும் இந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது. ஒரு கிறிஸ்தவத் தாயின் வழக்கு அதற்குச் சாட்சி. தீர்ப்பில் அவர் பெயர் இல்லை, வெறும் எழுத்துகளால் குறிக்கப்பட்டிருக்கிறார். மணமாகாத நிலையில் பிள்ளை பெற்று, தகப்பனின் உதவி எதுவும் இல்லாமல் தனியாக வளர்த்தவர். தம் சேமிப்புக்கும் காப்பீட்டுக்கும் மகனை நாமினியாகப் போடப் போனார். தகப்பன் பெயரைச் சொல், இல்லையென்றால் காப்பாளர் சான்றிதழோ தத்துச் சான்றிதழோ கொண்டு வா என்றார்கள். காப்பாளர் சான்றிதழுக்குப் போனால், தகப்பனுக்கு நோட்டீஸ் அனுப்ப அவர் பெயரும் முகவரியும் வேண்டும் என்றார்கள். அவர் சொல்ல மறுத்தார். விசாரணை நீதிமன்றமும் தில்லி உயர் நீதிமன்றமும் மனுவைத் தள்ளிவிட்டன. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பிள்ளைமேல் அக்கறையே காட்டாத தகப்பனுக்காகப் பிள்ளையின் நலன் காத்துக் கிடக்க வேண்டியதில்லை என்பதே தீர்ப்பின் சாரம். அது காப்பாளர் வழக்குதான், தத்து வழக்கு இல்லை. ஆனாலும் அளவுகோல் எது என்பது அதில் தெளிவாகிவிட்டது. பெற்றவரின் பெருமைக்கும் வளர்ப்பவரின் ஆசைக்கும் முன்னால் பிள்ளையின் நலன் நிற்கிறது.

இதுவரை கேட்டவர்களில் சிலருக்கு நெஞ்சு நிமிர்ந்திருக்கும். இனி நான் சொல்லப்போவது அவர்களுக்குத்தான்.

கண்ணில் படாத தகப்பன்மார் எல்லாரும் கைவிட்ட தகப்பன்மார் இல்லை. 2017இல் ஒக்கி புயல் அடித்தபோது குமரிக் கடற்கரையிலிருந்து தொழிலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. உடலும் கரைக்கு வரவில்லை. ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாவிட்டால் இறந்தவராகக் கொள்ளலாம் என்று நம் சாட்சியச் சட்டம் சொல்கிறது. ஆனால் கடலுக்குப் போனவரை அந்தப் பிள்ளைகள் ஒருநாளும் ஓடிப்போனவர் என்று எண்ணக் கூடாது. அங்கே ஒரு புதிய தகப்பன் வந்தால், முதல் தகப்பனின் படத்துக்குக் கீழே நின்றுகொண்டே அன்பு காட்ட வேண்டும். வளைகுடாவில் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்ட முதலாளியிடம் சிக்கியவர் உண்டு. சிறையில் இருப்பவர் உண்டு. குடியிலும் மனநோயிலும் விழுந்து, வீட்டுக்கு வர வெட்கப்பட்டு ஒளிந்து திரிபவர் உண்டு. எல்லாருக்கும் ஒரே முத்திரையைக் குத்திவிடக் கூடாது.

இன்னொரு வகையும் உண்டு. அவர் வந்தார், நாம் கதவைத் திறக்கவில்லை. பிறந்தநாளுக்கு வாங்கி வந்த சட்டையைத் திருப்பி அனுப்பினோம். பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றவரை அண்ணன் தம்பிகளை விட்டு விரட்டினோம். இப்போது, அவர் பிள்ளையைப் பார்க்கவே வந்ததில்லை என்று வக்கீல் அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறோம். இருப்பிடம் தெரியவில்லை என்று அஃபிடவிட்டில் எழுதுகிறோம், அவருடைய அம்மாவின் நம்பர் நம் போனிலேயே இருக்கிறது. பொய்ச் சான்று சொல்லாதே என்ற எட்டாம் கட்டளை நோட்டரி முத்திரைக்கு முன்னால் செல்லாமல் போய்விடாது. பொய்யின் மேல் வாங்கிய தத்து ஆணையைப் பிள்ளை வளர்ந்து ஒருநாள் கண்டுபிடிக்கும். அன்றைக்கு இரண்டு தகப்பன்மார்மேலும் அதற்கு நம்பிக்கை போய்விடும், தாய்மேலும் போய்விடும்.

இந்த இடத்தில் யோசேப்பைப் பாருங்கள். மரியா கருவுற்றிருப்பதை அறிந்தபோது சட்டம் அவர் பக்கம் இருந்தது. ஊரைக் கூட்டிப் பேசியிருக்கலாம். அவமானப்படுத்த மனமில்லாமல், சத்தமின்றி விலகிவிட நினைத்தார். அவரை நேர்மையாளர் என்று மத்தேயு சொல்வது இந்த இடத்தில்தான். கையில் சட்டம் இருந்தும் ஒருவருடைய மானத்தைத் தொடாதவர் அவர். ஒருவேளை உங்கள் வழக்கு நூற்றுக்கு நூறு நியாயமாக இருக்கலாம். அப்போதும் யோசேப்பு நடந்த விதத்தில் நடங்கள். தத்து விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும் என்று நம் சட்டமே விதித்திருக்கிறது. நாம்தான் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடத்துகிறோம். பிரிந்த பெற்றோர் பிள்ளையைப் பிணைக்கைதியாக வைத்துச் சண்டை போடக் கூடாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்ச்சி’ மடலில் மன்றாடிக் கேட்டிருக்கிறார். அவனுக்கு ஒரு பாடம் கற்பிக்கிறேன் என்று தொடங்கும் தத்து முயற்சியில், பாடம் படிப்பது கடைசியில் பிள்ளைதான்.

விட்டுப்போன தகப்பன் ஒருவர் இன்று இந்தக் கோயிலிலேயே, கடைசி வரிசையிலோ வெளியே திண்ணையிலோ இருக்கலாம். சகோதரனே, உங்களை நான் விரட்டவில்லை. சாலமோனிடம் வந்த இரண்டு பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையை வாளால் வெட்டிப் பங்கு போடச் சொன்னபோது, பெற்றவள் யார் என்று அரசருக்கு எப்படித் தெரிந்தது? பிள்ளை பிழைத்தால் போதும், அவளிடமே இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தாளே, அதில் தெரிந்தது. திரும்பி வந்து பொறுப்பை ஏற்க உங்களால் முடியும் என்றால், இன்றே வாருங்கள். பேச வேண்டியவர்களிடம் நான் பேசுகிறேன். முடியாது என்று மனச்சாட்சி சொன்னால், சம்மதக் கடிதத்தை வைத்துப் பேரம் பேசாதீர்கள். கையெழுத்துக்குக் காசு கேட்காதீர்கள். கட்டாத ஜீவனாம்சத்திலிருந்து தப்பிக்கவும் அதைப் போடாதீர்கள். பிள்ளைக்காக என்று மனமறிந்து போடுங்கள். நீங்கள் செய்த தகப்பன் வேலைகளில் அது ஒன்றாவது கணக்கில் நிற்கும்.

இனி, புதிதாகத் தகப்பனாக வருபவருக்கு. இன்றைய திருவிழாவுக்கு இன்னொரு நற்செய்தியையும் வாசிக்கலாம் என்று திருச்சபை அனுமதிக்கிறது. பன்னிரண்டு வயது இயேசு எருசலேமில் தங்கிவிட்ட பகுதி, லூக்கா 2ஆம் அதிகாரம். மூன்றாம் நாள் கோயிலில் கண்டுபிடித்ததும் மரியா பிள்ளையிடம் பேசுகிறார். யோசேப்பைக் காட்டி, உன் தந்தையும் நானும் தேடி அலைந்தோமே என்கிறார். தாயே பிள்ளையின் முன்னால் அவருக்கு அந்த இடத்தைக் கொடுக்கிறார். பிள்ளையோ தன் தந்தையின் இல்லத்தைப் பற்றிப் பேசுகிறது. மூன்று நாள் தூக்கமில்லாமல் தேடிய யோசேப்பு பக்கத்தில் நின்று அதைக் கேட்கிறார். ஒரு வார்த்தை பேசியதாக லூக்கா எழுதவில்லை. முகம் சுளித்ததாகவும் இல்லை. பிறகு மூவரும் நாசரேத்துக்குத் திரும்புகிறார்கள், பிள்ளை அவர்களுக்குப் பணிந்து நடக்கிறது.

இறைத்தந்தை யாரையும் விட்டு ஓடிப்போனவர் அல்லர், அதனால் இந்த ஒப்பீட்டை இதற்குமேல் இழுக்க மாட்டேன். ஆனால் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இங்கே இருக்கிறது. தத்து ஆணை கைக்கு வந்த பிறகும் பிள்ளை ஒருநாள், என்னைப் பெத்த அப்பா எப்படி இருப்பாரு என்று கேட்கும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கட்டாயம் கேட்கும். கோபத்தில், நீ ஒண்ணும் என் அப்பா இல்ல என்றும் சொல்லும். அன்றைக்கு, இத்தனை வருசம் சோறு போட்டேனே என்று கணக்குப் படிக்காதீர்கள். யோசேப்பைப்போல அந்தச் சொல்லைத் தாங்கிக்கொண்டு, பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். யாரும் தகப்பனாகப் பிறப்பதில்லை, பிள்ளையின் பொறுப்பை ஏற்று ஏற்றுத்தான் தகப்பனாகிறார்கள் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2020 டிசம்பர் 8 அன்று வெளியிட்ட ‘தந்தையின் உள்ளத்தோடு’ மடலில் யோசேப்பைப் பற்றிச் சொல்கிறார். பெற்ற தகப்பனுக்கும் அது பொருந்தும், தத்தெடுத்த தகப்பனுக்கும் பொருந்தும்.

அம்மாக்களே, பிள்ளையிடம் உண்மையை மறைக்காதீர்கள். பார்வோனின் மகள் மோசேயைத் தன் மகனாக ஆக்கிக்கொண்டாள். ஆனால் அவனுக்குப் பாலூட்டியவள் பெற்ற தாய். அரண்மனையில் வளர்ந்தவன் தன் இனத்தாரை மறக்கவில்லை. பின்னாளில் ஆரோனும் மிரியாமும் அவன் பக்கத்தில் நின்றார்கள். திருச்சபையின் பதிவேடும் இந்த நேர்மையைத்தான் கடைப்பிடிக்கிறது. நாட்டுச் சட்டப்படி தத்தெடுக்கப்பட்ட பிள்ளையைத் தத்தெடுத்தவரின் பிள்ளையாகவே திருச்சபைச் சட்டத்தின் 110ஆம் பிரிவு ஏற்கிறது. திருமுழுக்குப் பதிவில் தத்தெடுத்தவர்களின் பெயரை எழுத வேண்டும் என்று 877ஆம் பிரிவு சொல்கிறது. நாட்டின் பதிவில் பெற்றவர்கள் பெயரும் இருந்தால், அதையும் சேர்த்து எழுதச் சொல்கிறது. தத்தெடுப்பதற்கு முன்பே திருமுழுக்குப் பெற்ற பிள்ளை என்றால், ஆணையின் நகலைப் பங்கு அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். பழைய பக்கத்தை யாரும் கிழிக்க மாட்டோம், அதன் ஓரத்தில் புதிய குறிப்பு ஏறும். உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்கட்டும். சட்டம் ஒருவருடைய உரிமையை முடிக்கலாம். தாய் தந்தையை மதித்து நட என்ற கட்டளையை எந்த ஆட்சியரும் ரத்துசெய்ய முடியாது. போனவரைப் பற்றிப் பிள்ளையின் காதில் விழும்படி கேவலமாகப் பேசாதீர்கள்.

திருமணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருவர் சேர்ந்து தத்தெடுக்க வேண்டுமானால் அவர்கள் சட்டப்படி கணவன் மனைவியாக இருக்க வேண்டும். 1869ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டம் 2001இல் திருத்தப்பட்ட பிறகு, இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் கைவிட்டுப் போனதைக் காட்டி நீதிமன்றத்தில் மணமுறிவு கேட்கலாம். ஆனால் நீதிமன்றத் தீர்ப்பு திருமண அருளடையாளத்தின் பிணைப்பை அவிழ்க்காது என்பது உங்களுக்குத் தெரியும். முதல் திருமணம் தொடக்கத்திலேயே செல்லாததா என்று ஆராய மறைமாவட்டத் தீர்ப்பாயம் இருக்கிறது. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த நடைமுறையைச் சுருக்கினார். முடிந்தவரை கட்டணமில்லாமல் நடத்தவும் கேட்டுக்கொண்டார். பயந்துகொண்டு கோயில் பக்கமே வராமல் இருக்காதீர்கள், வந்து பேசுங்கள். உங்கள் நிலை எதுவாக இருந்தாலும், அதற்காகப் பிள்ளையைத் தள்ளிவைக்க இந்தப் பங்கில் யாருக்கும் அதிகாரம் இல்லை.

கடைசியாக, நம் எல்லாருக்கும். இங்கே உட்கார்ந்திருக்கிற ஒருவரும் பிறப்பினால் கடவுளின் பிள்ளையாக வந்தவர் இல்லை. கடவுளுக்கு ஒரே மகன். நாம் எல்லாரும் தத்துப் பிள்ளைகள். உரோமையருக்கும் கலாத்தியருக்கும் பவுல் எழுதியது அதைத்தான். மகனுக்குரிய அந்த உரிமையைத் தூய ஆவியார் நமக்குத் தந்ததால், கடவுளை அப்பா என்று கூப்பிடுகிறோம், மகனோடு உடன் வாரிசும் ஆகிறோம். இரண்டாம் வாசகத்தில் ஆபிரகாமைப் பற்றிக் கேட்டோம். இரத்தத்தையும் திருச்சட்டத்தையும் பார்த்தால் அவரை மூதாதை என்று சொல்லிக்கொள்ள நமக்கு வழியில்லை. விசுவாசத்தால் மட்டுமே அவர் நமக்கும் தந்தை. அப்படியிருக்க, அன்பியக் கூட்டத்திலும் கல்யாண வீட்டிலும், “இது அவரோட சொந்தப் புள்ள இல்ல” என்று வாயை மறைத்துக்கொண்டு சொல்கிறோமே, எந்தத் தகுதியில் சொல்கிறோம்? அந்தப் பேச்சை இந்தத் திருவிழாவோடு நிறுத்திக்கொள்வோம்.

செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். வீட்டில் இப்படிப்பட்ட பிள்ளையை வளர்ப்பவர்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய் விவரம் கேளுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்று யாரும் தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கிறது. மனு எழுதுவதற்கு முன்னால், கணவனும் மனைவியும் உட்கார்ந்து மூன்று கேள்விகளுக்கு உண்மையாகப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். போனவரை நாம் மனதாரத் தேடினோமா? பிள்ளையிடம் கேட்டோமா? இதில் பழிவாங்கும் எண்ணம் ஒரு துளியாவது இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் சுத்தமாக இருந்தால் தைரியமாகப் போங்கள். போகும் நாளில் சொல்லுங்கள், அன்றைய திருப்பலியை உங்கள் கருத்துக்காக ஒப்புக்கொடுக்கிறேன்.

பெறாத பிள்ளைக்குப் பெயர் சூட்டி, அதற்காக எகிப்துவரை நடந்து, அதற்குத் தொழிலும் கற்றுக்கொடுத்த புனித யோசேப்பே, இந்தப் பங்கில் பிறர் பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளையாக ஏற்ற ஒவ்வொருவருக்காகவும் வேண்டிக்கொள்ளும். விட்டுப்போனவர்களுக்காகவும் வேண்டிக்கொள்ளும். ஆமென்.